எந்தப் பக்கம் திருகுவது

அப்பா கையெழுத்துப் போட்டுப் பதினோரு நாள் ஆகிவிட்டது. பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. "நானே பக்குவமா சொல்லிக்கிறேன், நீ வாயைத் திறக்காதே" என்றிருந்தார். திறக்கிற பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

எங்கள் வீடும் பெரியப்பா வீடும் மூன்றாவது மாடியில் அடுத்தடுத்து இருக்கின்றன. லிப்ட் கிடையாது, அப்பாவின் முழங்கால் ஒத்துழைப்பதில்லை. நீளமான செங்கல் கட்டடம். வெயிலில் சுவர் விரியும் என்பதால் நடுவில் ஓர் அங்குலம் இடைவெளி விட்டு இரண்டு கட்டடமாகவே எழுப்பியிருக்கிறார்கள். அந்த இடைவெளி எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் போகிறது. குடிவந்த வருடமே அண்ணனும் தம்பியும் இரண்டு சுவரையும் வெட்டி வழி வைத்தார்கள். கதவு போடவில்லை. தரையில் கோடு தெரியக் கூடாதென்று இடைவெளியைச் சிமென்ட்டால் அடைத்து மேலே டைல் ஒட்டினார்கள். கோடைக்குக் கோடை அது வெடித்தது.

அப்பா போட்ட கையெழுத்தோடு அந்த வழியின் கதையும் முடிந்துவிட்டது. அதன் வழியாகத்தான் தினமும் போய்வந்தேன். எதுவும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டைல்காரர் வந்து உடைந்ததைப் பெயர்த்தார். பெரியப்பா தன் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பா எங்கள் பக்கம் சோபாவில், பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி.

"வாடி ஊமைக்கோட்டான். கட்டட ஆபீஸ்லதானே வேலை பாக்குற, இந்த டைலுக்கு என்னதான் வியாதி?" என்றார் பெரியப்பா.

"டைலுக்கு ஒண்ணுமில்ல பெரியப்பா. ரெண்டு கட்டடமும் தனித்தனியா நகருது. மேல எதை ஒட்டினாலும் வெடிக்கும்."

"கட்டடம் நகருதாம்! உங்கப்பனையே சோபாவ விட்டு நகத்த முடியல."

டைல்காரர் சிரித்தார். பேப்பர் அசையவில்லை.

"சரி, வேற என்ன செய்யலாம்?" என்றார் பெரியப்பா.

"சிமென்ட்ட எடுத்துட்டு, மேல அலுமினியத் தகடு வைக்கணும். ஒரு பக்கம் மட்டும் திருகணும். மறுபக்கம் சும்மா படிஞ்சிருக்கணும்."

அலுவலகத்தில் வரைபடத்துக்குக் கீழே குறிப்பு எழுதுவதுபோலச் சொன்னேன்.

பெரியப்பா கொஞ்சம் யோசித்தார். "கோடு தெரிஞ்சாத் தெரிஞ்சிட்டுப் போகுது. வழி இருந்தாப் போதும்."

டைல்காரர் சிமென்ட்டைக் கொத்தி எடுத்தார். உள்ளே இருட்டு. லேசாகக் காற்று வந்தது. கடைக்குப் போய்த் தகடு வெட்டிவந்து வைத்துப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் திருகட்டும்?"

"தம்பி பக்கமே திருகிடுப்பா. என் பக்கம் ஆடினா ஆடட்டும், நான் அனுசரிச்சுக்கறேன்."

டைல்காரர் துளைபோடும் மெஷினை எங்கள் தரையில் ஊன்றினார். அப்பாவைப் பார்த்தேன். பேப்பர் இறங்கவில்லை.

"அங்க போடாதீங்க" என்றேன்.

"ஏம்மா?" என்றார் டைல்காரர்.

"வாங்கினவங்க வழிய அடைக்கச் சொல்லிட்டாங்க. அப்பா வீட்ட வித்துட்டாங்க, பெரியப்பா."