முந்த மறந்த கை

புதன்கிழமை ஒத்திகைக்கு என் கணவர் ஆன்செல்மோ சினிமா ஸ்டுடியோவிலிருந்து நேராக வந்தார். சட்டைக் காலரில் ஒப்பனை மாவு ஒட்டியிருந்தது. அவர் மேடையேறும்போது வயலின் வரிசையிலிருந்து யாரோ, "புரொபசர் வந்தாச்சு, எல்லாரும் எந்திரிங்க," என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஆன்செல்மோவும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை.

சினிமாவில் அவருக்கு அதுதான் பெயர். எந்தப் படமானாலும் சரி, கதாநாயகி பாட வழியில்லாமல் தவிக்கும்போது ஒரு பியானோ புரொபசர் வருவார். வாசிப்பார், அவள் பாடுவாள். கடைசிக் காட்சியில் பெரிய இசைக்குழுவை அவரே நடத்தி அவளை மேடையேற்றுவார். மணிலாவில் ஜீப்னி ஓட்டுகிறவர்கள்கூட அவரைக் கண்டால் வண்டியை நிறுத்தி, "புரொபசர், ஏறுங்க, உங்ககிட்ட காசு வாங்குவேனா?" என்பார்கள். கச்சேரிக் கூடத்தின் வாசலைக்கூட மிதித்திராத மனிதர்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

ஆனால் நிஜத்தில் அவர் நடத்தும் இந்த இசைக்குழுதான் அவருடைய பிள்ளை. போர் முடிந்து நகரமே கல்லும் மண்ணுமாகக் கிடந்தபோது, வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தவர் அவர். எரிந்த வீடு ஒன்றிலிருந்து ஒரு செல்லோவைப் போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து நான் இதில் வயோலா வாசிக்கிறேன். வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரல் கொஞ்சம் தாழ்வு. கூட்டத்தில் யாரும் கவனிக்காத வாத்தியம்.

ஞாயிற்றுக்கிழமை கச்சேரி. முதல் பாதியில் அவர் பியானோ வாசிக்க வேண்டும், இரண்டாம் பாதியில் ஒரு சிம்பொனியை நடத்த வேண்டும். புதன்கிழமை நாங்கள் எடுத்துக்கொண்டது சிம்பொனியின் மெதுவான பகுதி. மெதுவானதுதான், ஆனால் அன்று அது நின்றே போய்விடும்போல இருந்தது. சேற்றில் இறங்கிய எருமை அடுத்த காலை எடுத்து வைக்க யோசிப்பதுபோல ஒவ்வொரு அடியும் இழுத்தது. ஓபோ வாசிக்கும் ஃபிடேலா மூச்சு தீர்ந்து, முகம் சிவந்து, வாத்தியத்தை மடியில் இறக்கிவிட்டாள்.

"மாஸ்ட்ரோ, நான் ஊத வந்திருக்கேன். முத்துக் குளிக்க வரல."

"மன்னிச்சுக்கோ, ஃபிடேலா. மறுபடி எடுப்போம்."

மறுபடி எடுத்தோம். மறுபடியும் இழுத்தது. அவர் எங்களைக் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பழைய ஆன்செல்மோவாக இருந்தால் கையிலிருக்கும் குச்சி பறந்திருக்கும்.

இடைவேளையில் எல்லோரும் காப்பிக்கும் பன்னுக்கும் போனபோது, ஸாந்திங் என் நாற்காலிக்கு அருகில் வந்து உட்கார்ந்தார். முதல் வயலின்காரர் அவர்தான், ஆன்செல்மோவுக்கு அடுத்த இடம் அவருக்கு. எங்கள் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் என்னை 'மாரே' என்பார், நான் அவரை 'பாரே' என்பேன்; ஆண்கள் இருவரும் ஒருவருக்கொருவர் 'பாரே'தான்.

"மாரே, தப்பா நினைக்காதே. செல்மோவுக்கு உடம்பு சரியில்லையா?"

"தூக்கமில்ல. காலைல ஷூட்டிங், சாயங்காலம் இங்க."

"தூக்கமில்லாதவன் எரிஞ்சு விழுவான், இல்ல எதையாவது மறப்பான். இது ரெண்டும் இல்ல. நாம அவனுக்காகக் காத்துக்கிட்டிருக்கோம், அவன் நமக்காகக் காத்துக்கிட்டிருக்கான். இப்படியே போனா ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்கிற கச்சேரி செவ்வாக்கிழமைதான் முடியும்."

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கொம்பு ஊதறவங்க எங்கிட்ட பேசிட்டாங்க. வெள்ளிக்கிழமையும் இப்படியே இருந்தா எந்திரிச்சு நின்னு கேக்கப் போறாங்களாம், வேற ஆளைக் கூப்பிடணும்னு. எல்லார் முன்னாடியும். அவன் தேடித் தேடிச் சேர்த்த ஆளுங்க, மாரே. அதை அவன் தாங்குவானா?"

"நீங்களே சொல்லுங்களேன், பாரே."

"நான் சொன்னா அது குழுச் சண்டை. நீ சொன்னா புருஷன் பொண்டாட்டி சண்டை. விடிஞ்சா ஆறிடும்."

"உங்க வீட்ல ஆறுதா?"

"எங்க வீட்ல ஆரம்பிக்கவே விடறதில்ல. நான் வாயைத் திறந்தாத்தானே?"

அன்றிரவு நான் எதுவும் சொல்லவில்லை. அவர் காலணியைக் கழற்றாமலே தூங்கிப்போனார்.

மறுநாள் மதியம் கோழி அடோபோவும் சோறும் அடுக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். சாப்பிட வைத்துவிட்டுச் சொல்லலாம் என்று எண்ணம். அவர் படத்தில் நடிப்பதை அதுவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. திரையில் பார்த்ததோடு சரி.

உள்ளே கடைசிக் காட்சி நடந்துகொண்டிருந்தது. அட்டையில் செய்த தூண்கள், நடுவில் ஆன்செல்மோ, சுற்றிலும் வாடகைக் கோட்டு போட்ட துணை நடிகர்கள் கையில் வயலினோடு. வில்லில் சோப்புத் தடவியிருந்தார்கள், உரசினாலும் சத்தம் வராமலிருக்க. இசை முன்பே பதிவாகியிருந்தது. ஓர் ஒலிபெருக்கி அதைப் பாட, இவர்கள் அதற்கேற்றபடி கையை அசைக்க வேண்டும். ஆன்செல்மோ கையைத் தூக்கினார். ஒலிபெருக்கி முழங்கியது. அதே கணத்தில் கை இறங்கியது. அழகாக இருந்தது. ஒட்டுப்போட்டதே தெரியாத துணிபோல.

"ஓகே! ஒரே டேக்!" என்று டைரக்டர் நார்சிஸோ கத்தினார். என்னைப் பார்த்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார். "வாங்க ஸென்யோரா! அடோபோ வாசனை கேமரா வரைக்கும் வந்துடுச்சு. உங்க வீட்டுக்காரரைப் பாத்தீங்களா? முதல் படத்துல இவரால நான் பட்ட பாடு! கை எப்பவும் முன்னாடி ஓடிடும். அப்புறமாத்தான் சத்தம் வரும். திரையில பாத்தா ஈ ஓட்டற மாதிரி இருக்கும். 'மாஸ்ட்ரோ, கை முந்துது, கை முந்துது'ன்னு கத்திக் கத்தி என் தொண்டையே போச்சு. இப்ப பாருங்க, சத்தம் வராம கை விழவே விழாது. தங்கமான மனுஷன்."

நான் பக்கத்திலிருந்த ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன்.

இசைக்குழுவை நடத்துகிறவரின் கை சத்தத்துக்கு முன்னால் போக வேண்டும். கை முதலில், பிறகு எங்கள் வில், பிறகு ஓசை. அந்தக் கை ஓசைக்காகக் காத்திருந்தால், ஓசை கைக்காகக் காத்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றுவிடும். புதன்கிழமை நடந்தது அதுதான். யாரும் அவருக்குக் கெடுதல் செய்யவில்லை. சொல்லிக்கொடுத்ததை அவர் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார், அவ்வளவுதான்.

அடோபோவை அவர் பாதிதான் சாப்பிட்டார். கூட்டத்தில் சொல்ல முடியவில்லை. சாயங்காலம் காரில் பாலத்தின் மேல் வண்டிகள் நெருக்கியடித்து நின்றபோது சொன்னேன். நார்சிஸோ சொன்னதையும், கொம்பு ஊதுகிறவர்கள் செய்யப்போவதையும் எல்லாவற்றையும். நாங்கள் ஒரே இசைக் கல்லூரியில் படித்தவர்கள். எங்களுக்குள் மரியாதைப் பேச்சு கிடையாது.

அவர் முன்னால் நின்ற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸாந்திங் சொல்லச் சொன்னானா?"

"சொல்லச் சொன்னார். ஆனா நான் இன்னிக்கு என் கண்ணாலயே பாத்தேன், செல்மோ."

"முப்பது வருஷமா இந்தக் கையைத் தூக்கறேன். அது எங்க விழணும்னு நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

"ஆமா."

"வயோலாக்காரி."

"வயோலாக்காரிதான். உனக்கு நேர் எதிர்ல உக்காந்து உன் கையைப் பாத்துப் பாத்துத் தலை நரைச்ச வயோலாக்காரி."

பின்னாலிருந்த ஜீப்னி ஹாரன் அடித்தது. அதன் ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "அட, புரொபசரா! மெதுவா போங்க புரொபசர், அவசரமில்ல!" என்றான். ஆன்செல்மோ பழக்கத்தில் கையை உயர்த்தி ஆட்டினார்.

வீட்டில் சமையல்கட்டிலிருந்து புளிக்குழம்பு வாசம் வந்தது. அவர் கூடத்து நாற்காலியில் கோட்டோடு உட்கார்ந்தார். நான் வயோலாவை எடுத்து எதிரில் உட்கார்ந்தேன்.

"என்ன இது?"

"என்னை மட்டும் நடத்து. மெதுவான பகுதி, முதல் அடி."

"மெதிங், எனக்குப் பசிக்குது."

"ஒரே அடி. அப்புறம் சாப்பாடு."

அவர் சலித்துக்கொண்டே கையைத் தூக்கினார். நான் வில்லைத் தந்தியின் மேல் வைத்தேன், இழுக்கவில்லை. அவர் கொடுத்தால்தான் எடுப்பது என்று இருந்தேன். கை மேலே நின்றது. லேசாக அசைந்து, இறங்கப் போவதுபோலப் போக்குக் காட்டி, பாதியில் அந்தரத்தில் நின்றுவிட்டது. அவர் என் வில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை.

கையை மடியில் போட்டுக்கொண்டார். கோபம் வரும் என்று நான் தயாராக இருந்தேன். சரிசெய்துவிடலாம், இன்றைக்கும் நாளைக்கும் உட்கார்ந்து பழகினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கை திரும்பி வந்துவிடும் என்று சொல்லக் காரிலேயே வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன்.

"எனக்குத் தெரியும், மெதிங்," என்றார். "கொஞ்ச நாளாவே தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"நார்சிஸோ கத்தினதால மட்டும் இல்ல." விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கினார். "ஸ்டுடியோவில அந்தப் பெட்டி தானாப் பாடும். நான் ஒண்ணும் பண்ண வேண்டாம். நான் தப்பாக் கையை ஆட்டினாலும் அது நிக்காது. முதல் தடவை அது புரிஞ்சப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு. அவ்வளவு சுகம்."

நான் வில்லைக் கீழே வைத்தேன்.

"இங்க கையைத் தூக்கினா ஒரு நொடி ஒண்ணுமே இருக்காது. அத்தனை பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பாப்பாங்க. அந்த ஒண்ணுமில்லாத இடத்துல முதல்ல காலை வைக்கறது நான்தான். தினம் தினம் நான்தான். இருபத்தஞ்சு வயசுல அதுக்காகத்தான் உயிரோட இருந்தேன். இப்ப அந்த இடத்துக்கு வந்தா யாராவது என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா தேவலைன்னு இருக்கு."

அவருடைய மேடையைக் காப்பாற்றத்தான் நான் பாலத்தில் வாய் திறந்தேன். அவருக்கு அதிலிருந்து இறங்க வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து அவர் கையைப் பார்த்தவள், முகத்தை எப்போது கடைசியாகப் பார்த்தேன் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

"அப்ப சொல்லிடு," என்றேன். "அவங்க எந்திரிச்சு நிக்கறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு."

"என்னன்னு?"

"களைச்சுப் போச்சுன்னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானே விஷயம்?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு, "பியானோவை விட மாட்டேன்," என்றார், பொம்மையைப் பிடுங்க வந்தவளிடம் சொல்வதுபோல. "அதுல காத்திருக்க முடியாது. விரல் விழுந்தாத்தான் சத்தம்."

"பியானோவை யார் கேட்டா? வா, சாப்பிட. கோட்டைக் கழட்டு முதல்ல."

வெள்ளிக்கிழமை அவர் மேடையேறியதும் குச்சியை எடுக்கவில்லை. கொம்பு ஊதுகிறவர்களில் மூத்தவர் முன்பே பாதி எழுந்திருந்தார். ஆன்செல்மோ அவரைப் பார்த்து, "உக்காருங்க, நானே சொல்றேன்," என்றார். சினிமாவில் கை பின்தங்கப் பழகிவிட்டது என்றும், அதைத் திருப்ப இனி உடம்பில் தெம்பில்லை என்றும், பியானோ மட்டும் வாசிப்பதாகவும், இந்த ஞாயிறும் இனிமேலும் குழுவை ஸாந்திங் நடத்தட்டும் என்றும் சொன்னார். காய்கறிக்காரனிடம் நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்வதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னார். கொம்புக்காரர் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார்.

ஸாந்திங்தான் முதலில் வாயைத் திறந்தார். "பாரே, எனக்கு வில்லுதான் பிடிக்கத் தெரியும். குச்சி பிடிச்சா சோறு கிண்டற மாதிரி இருக்கும்."

"கிண்டு. இவங்க பசியோடதான் இருக்காங்க."

ஃபிடேலா முதலில் சிரித்தாள், பிறகு ஓபோவைத் துடைக்கிற துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஸாந்திங்கின் கை முரட்டுத்தனமாக இருந்தது. ஆனால் முன்னால் போயிற்று. எங்கள் வில்கள் அதன் பின்னால் போயின.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் புரொபசரைப் பார்க்க வந்தவர்கள். முதல் பாதியில் அவர் வாசித்தார், நன்றாகவே வாசித்தார். கைதட்டல் அடங்கியதும் வணங்கிவிட்டு உள்ளே போகாமல் படியிறங்கி, மூன்றாம் வரிசையில் ஒரு காலி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். ஜனங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிலர் எழுந்து நின்று பார்த்தார்கள்.

சிம்பொனி தொடங்கியது. மெதுவான பகுதி வந்தபோது, வயோலாக்களுக்கு வேலையில்லாத ஓர் இடத்தில், நான் கண்ணை ஓட்டினேன். ஆன்செல்மோ தூங்கிக்கொண்டிருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. இரண்டு கைகளும் மடியில் அசையாமல் கிடந்தன.

பக்கத்து இருக்கையில் யாரோ ஒரு பெரியம்மா. அவர்மேலும் காற்று படும்படி தன் விசிறியைச் சாய்த்து வீசிக்கொண்டிருந்தாள். பின்வரிசையிலிருந்து ஒருவன் குனிந்து, சிரித்துக்கொண்டே, அவர் தோளைத் தொடப் போனான். அந்த அம்மா விசிறியின் முனையால் அவன் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

எனக்கு வாசிக்க வேண்டிய இடம் வந்தது. நான் ஸாந்திங்கைப் பார்த்தேன்.