பாட்டிலில் வந்த வெள்ளைக்கரு

மாமல்லபுரம் கடற்கரையில் இருந்த ஒரு ரிசார்ட்டின் சமையற்கூடத்தில், கேக்கும் ஐஸ்கிரீமும் செய்கிற பகுதியில் ஜெபக்குமார் உதவியாளராக இருந்தான். அங்கே மரியாதையெல்லாம் மஞ்சள் கருவுக்குத்தான். கஸ்டர்டுக்கும் ஐஸ்கிரீமுக்கும் மஞ்சளைப் பிரித்து எடுத்த பிறகு வெள்ளைக்கரு பாத்திரம் பாத்திரமாக மிஞ்சும். அதைச் சிங்க்கில் கவிழ்த்துத் தண்ணீர் திறந்துவிடுவது அவன் வேலைகளில் ஒன்று. பல வருஷமாக யோசிக்காமல் செய்துகொண்டிருந்தவன், மகளுக்காகத்தான் ஒருநாள் யோசித்தான்.

மகள் சிநேகா கபடி ஆடுகிறவள். மாவட்டப் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது அவளுடைய பயிற்சியாளர் லட்சுமணன் இவனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பொண்ணுக்கு மூச்சு கீது, காலு கீது. ஒடம்புலதான் ஒண்ணுமே இல்ல. புடிச்சா ஒரே இழுப்புல சாச்சிடறாங்க. புரோட்டீன் ஏத்துங்க சார்."

டப்பாவில் விற்கிற புரோட்டீன் பவுடர் அவனுக்கு எட்டாத சமாச்சாரம். மறுநாள் சிங்க் முன்னால் நின்றபோது, குழாய்த் தண்ணீரோடு சுழன்று போகிற வெள்ளைக்கருவைப் பார்க்கவே அவனுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, ஐஸ் கட்டிகளைப் பாலிதீன் பையில் போட்டுச் சுற்றி, தன் பையின் அடியில் வைத்துக்கொண்டான். ரிசார்ட்டிலிருந்து சாப்பாட்டுச் சாமான் எதுவும் வெளியே போகக் கூடாது என்பது சட்டம். வாட்ச்மேன் பழகியவர். பையைத் திறக்கச் சொன்னதில்லை.

வீட்டில் உண்மையைச் சொல்ல முடியவில்லை. முன்பொரு தடவை, வெட்டிய கேக்கில் மீந்ததைக் கொண்டுவந்தபோது மனைவி மார்கரெட் அதை அப்படியே எடுத்துக் குப்பையில் போட்டவள். ஆண்டை வீட்டுக் கொல்லையில் பழையதுக்குக் கையேந்தி நின்ற தன் அம்மாவைச் சிறுவயதில் கண்ணால் பார்த்தவள் அவள். 'அடுத்தவன் மிச்சம் எம் பொண்ணு வாயில படக் கூடாது' என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

ஆகவே, "பாக்கெட்ல விக்கிறாங்க, வாங்கியாந்தேன்" என்றான்.

"பச்சையா குடிக்கலாமா?"

"அது சூடு காட்டி அடைச்சது. ஒண்ணும் பண்ணாது."

அப்படிப்பட்ட பாக்கெட்டுகளை ரிசார்ட்டில் பார்த்திருக்கிறான். ஆனால் அவன் பாட்டிலில் இருந்தது முட்டையை உடைத்துப் பிரித்த பச்சை வெள்ளைக்கருதான்.

திருக்கழுக்குன்றத்தில் அவர்கள் வீட்டு மிக்சி அன்றிலிருந்து சாயங்காலமானால் ஓடியது. வாழைப்பழம், பப்பாளித் துண்டு, ஊறவைத்த பேரீச்சை, இரண்டு கரண்டி கெட்டித் தயிர். முதலில் பழத்தை நைய அரைத்துவிட்டு, கடைசியில் வெள்ளைக்கருவை ஊற்றி ஒரே ஒரு சுற்று. கூடுதலாக ஓடவிட்டால் நுரைத்துப் பொங்கி மூடியைத் தள்ளிவிடும். ஸ்மூத்தி என்று அதற்குப் பெயர் சொன்னவள் சிநேகாதான். அவள் மடமடவென்று குடித்துவிட்டு மேலுதட்டைத் துடைத்துக்கொள்வதைப் பார்க்கையில், பொய் சொன்ன உறுத்தல் அவனுக்குக் கொஞ்சம் அடங்கும். அவளுக்குத் தோளில் சதை பிடித்தது. லட்சுமணனே பாராட்டினார்.

அணித் தேர்வுக்கு முந்தின நாள், பூஞ்சேரி கூட்டுரோட்டில் ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்து வண்டிகள் ரெண்டு பக்கமும் நின்றுவிட்டன. கத்திரி வெயில். பஸ்ஸுக்குள் ஜெபக்குமார் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐஸ் உருகி வேட்டி நனைந்தது. பிறகு அந்த ஈரமும் காய்ந்தது. வீடு வந்து சேர்ந்தபோது பாட்டில் வெதுவெதுவென்று இருந்தது.

அவன் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். நாற்றம் இல்லை. இன்னொரு தடவை மோந்தான். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கொட்டிவிடலாம் என்று சிங்க்கு வரைக்கும் போனான். 'நாளைக்குத் தேர்வு. இன்னிக்குப் போய் வெறும் பழச்சாறைக் குடுக்கறதா?' என்று நினைத்தான். ஃப்ரிட்ஜில் இருந்த அன்னாசிப் பழத்தை வழக்கத்தை விட அதிகமாக வெட்டிப் போட்டு அரைத்தான். சிநேகா குடித்துவிட்டு, "இன்னிக்கு சூப்பரா கீதுப்பா" என்றாள்.

மறுநாள் செங்கல்பட்டு மைதானத்தில், முதல் ரெய்டுக்குப் போனவள் கோட்டைத் தொடாமலே திரும்பி வந்து குனிந்து வாந்தி எடுத்தாள். அப்புறம் நிற்கவே முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். சுரம் கொதித்தது.

"வெளியில ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"நேத்து மதியம் தமிழு வூட்ல கடம்பா வறுவல்" என்றாள் சிநேகா, கண்ணைத் திறக்காமல்.

"அதுவா இருக்கலாம். கடம்பா, கணவா மாதிரி கடல் அயிட்டம் இந்த வெயில்ல சீக்கிரம் கெட்டுடும்."

ஜெபக்குமார் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தான். வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

தமிழு என்பது தமிழரசி. சிநேகாவோடு ஒரே அணியில் ஆடுகிறவள், ரெண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகிதம். அவள் அம்மா ஜெகதாம்பாள் சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையில் மீன் எடுத்து, திருக்கழுக்குன்றத்துத் தெருக்களில் விற்கிறவள். சிநேகா ஆட முடியாமல் போன அன்று, அவளுக்கென்று எல்லோரும் நினைத்திருந்த இடம் தமிழரசிக்குக் கிடைத்தது.

மார்கரெட்டுக்கு அது போதுமானதாக இருந்தது.

"பாத்துக்கினே இருந்து பண்ணியிருக்கா. அவ பொண்ணு போவணும்னு எம் பொண்ணுக்குக் கெட்டுப்போனத ஆக்கிப் போட்டிருக்கா" என்று குழாயடியிலும் சர்ச் வாசலிலும் சொன்னாள்.

"அப்படியெல்லாம் பேசாத" என்றான் ஜெபக்குமார்.

"ஏன் பேசக் கூடாது? டாக்டரே சொன்னாரு இல்ல?"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான். சிநேகா வீட்டுக்கு வந்தபிறகு ஜெகதாம்பாள் இளநீர் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். மார்கரெட் அவள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜெபக்குமார், இளநீர்க் காய்களை வாசலில் வைக்கிற சத்தத்தைக் கேட்டான். எழுந்து போகவில்லை. அந்தத் தெருவில் அதற்கப்புறம் ஜெகதாம்பாளிடம் யாரும் மீன் வாங்கவில்லை. கூடையை இறக்காமலே அவள் தெருவைக் கடந்து போவதை அவன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். வேலையில் வெள்ளைக்கருவை ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பயிற்சி முகாமுக்குப் போகவேண்டிய நாள் நெருங்கியபோது லட்சுமணன் போன் செய்தார்.

"தமிழரசி போவமாட்டேங்குது சார். ஊரெல்லாம் தப்பா பேசுது, எனக்கு அந்த எடம் வாணாம்னு அழுவுது. நீங்களாவது ஒரு வார்த்த சொல்லுங்க."

அன்றைக்கு அவன் வேலைக்குப் போகவில்லை. பஸ் பிடித்துச் சதுரங்கப்பட்டினம் போனான். டச்சுக்காரன் கோட்டையைத் தாண்டிக் கடற்கரைக்கு நடந்தான். படகு ஓரமாக நிழலில் உட்கார்ந்து ஜெகதாம்பாள் கூடையில் ஐஸ் பரப்பிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பொண்ணு எப்படி கீது ஜெபா?"

அந்த முதல் கேள்வியே அவனை உடைத்துவிட்டது. ரிசார்ட்டு, பாட்டில், லாரி கவிழ்ந்தது, மோந்து பார்த்தது என்று முன்பின்னாக எல்லாவற்றையும் கொட்டினான். "உன் கடம்பா இல்லக்கா. நான்தான். ஆஸ்பத்திரியிலயே எனக்குத் தெரியும்" என்று முடித்தான்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் மெதுவாக மணலில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கி கடம்பா மேல ஐஸ் போட்டனா இல்லியானு நெனச்சி நெனச்சி எனக்குத் தூக்கமே இல்ல ஜெபா. போட்டேன்னு தெரியும். ஆனா டாக்டரு சொல்லிட்டாரேன்னு... பொறந்ததுலருந்து மீனோட கெடக்கறேன். இப்ப ஒரு மீன எடுத்து மோந்து பாத்தா, நல்லா கீதா கெட்டுப்போச்சானு எனக்கே சந்தேகமா கீது. பழுது இல்லாததயெல்லாம் தூக்கிக் கடல்ல போட்டேன். எம் பொண்ணுக்கு மீன் குழம்பு வைக்கறதயே வுட்டுட்டேன்."

அவனுக்குத் தலை நிமிரவில்லை. தன் மௌனம் அவளுடைய வியாபாரத்தை மட்டும்தான் கெடுத்தது என்று நினைத்திருந்தான்.

"மன்னிச்சிடுக்கா."

"என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? கெடுத்தது உன் தெருவுல. அங்க வந்து சொல்லு" என்றாள். குரல் உயரவில்லை. கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். தெருமுனையில் நுழைந்ததும் ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. மார்கரெட் வாசலுக்கு வந்து, "இவளயா கூட்டிக்கினு வந்த?" என்று ஆரம்பித்தாள். பின்னால் சிநேகா, இன்னும் தேறாத முகத்தோடு நின்றாள்.

"மார்கரெட், இவங்க மேல ஒரு தப்பும் இல்ல. பொண்ணு ஒடம்பக் கெடுத்தவன் நான்" என்றான் ஜெபக்குமார். பக்கத்து வீட்டுக்காரர்கள் காதுபடவே சொன்னான். பாக்கெட் என்று சொன்னது பொய் என்றான். ரிசார்ட்டில் கொட்டுகிறதைத்தான் எடுத்து வந்தேன், அன்றைக்கு அது வெயிலில் சூடாகிப்போயிருந்தது என்றான். மார்கரெட் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். தன் அம்மாவின் நினைவு வந்திருக்க வேண்டும்; அவள் முகம் சுருங்கியது.

சிநேகாதான் பேசினாள். "அன்னிக்கி மோந்து பாத்தியாப்பா?"

"பாத்தேன்."

"அப்ப உனக்கு டவுட்டு இருந்திச்சு."

"இருந்திச்சும்மா."

"ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே வாணாம்னு சொல்லியிருப்பேன். ஆஸ்பத்திரியிலயும் சொல்லல. தமிழு போன் பண்ணி பண்ணி அழுதா, நான் எடுக்கவே இல்ல. நீ பாத்துக்கினு தான இருந்த?"

அவன் தலையாட்டினான். அவள் உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, ஜெகதாம்பாளிடம், "ஆன்ட்டி, தமிழு வூட்லதான் கீறாளா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

மார்கரெட் படியிறங்கி, "வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க" என்றாள்.

"வாணாம்மா. வியாபாரம் கீது" என்றாள் ஜெகதாம்பாள். அவள் குரலில் கோபம் இல்லை. எதிர் வீட்டுப் பெண் தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, "சங்கரா மீன் கீதா?" என்று கேட்டாள்.

தமிழரசியைச் சிநேகா எப்படிச் சமாதானம் செய்தாள் என்பது அவனுக்குத் தெரியாது. செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் போய் அவளை முகாமுக்கு ரயில் ஏற்றிவிட்டு வந்தாள் என்று மார்கரெட் சொன்னாள்.

அதற்குப் பிறகு சிநேகா தன் ஸ்மூத்தியைத் தானே அரைத்துக்கொண்டாள். முட்டையை நன்றாக வேகவைத்து, ஆறவிட்டு, வெள்ளைக்கருவை மட்டும் எடுத்துப் பழத்தோடும் தயிரோடும் சேர்த்து மிக்சியில் போடுவாள். அப்பாவிடம் பேசுவாள். 'சாப்பிட்டியா, பஸ் கெடச்சிதா' என்பது வரைக்கும். மிக்சி ஜாரை மட்டும் அவன் தொட்டால் வாங்கி வைத்துவிடுவாள்.

ஜெகதாம்பாள் தெருவில் பழையபடி மீன் விற்கிறாள். அவன் வீட்டு வாசலிலும் கூடையை இறக்குகிறாள். மார்கரெட் பேரம் பேசாமல் வாங்குகிறாள். ஜெகதாம்பாள் மீனை எடுத்துக் கொடுக்கும்போது, முன்பு இல்லாத பழக்கமாக, ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்துகிறாள். விடுமுறை நாட்களில் வீட்டிலிருக்கும் ஜெபக்குமார், அவள் குரல் தெருமுனையில் கேட்டதும் பின்கட்டுக்குப் போய்விடுவான். அவள் கூவிக்கொண்டே அடுத்த தெருவுக்குத் திரும்பும் வரைக்கும் வெளியே வருவதில்லை.