பேராசிரியருக்கு உம் கொட்டியவள்

2005ஆம் ஆண்டு சித்திரைத் திருவிழா முடிந்த வாரத்தில், பழங்காநத்தத்தில் துளசிராம் நடத்திவந்த பிரவுசிங் சென்டரின் மூன்றாவது கம்ப்யூட்டரிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் சாக்பீஸும் கையுமாக இறங்கி வந்தார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இணையத்தில் இலவசமாக விட்டிருந்த கணக்குப் பாடம் அவருடையது. லைன் மந்தம், படம் அடிக்கடி நின்றுவிடும். அலுத்துப்போய் நேரிலேயே வந்துவிட்டார் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். துளசிராம் ஸ்டூல் போட்டார். பேராசிரியர் உட்காராமல் கடைச் சுவரில் எழுத ஆரம்பித்தார். மதுரை வெயிலுக்குக் கோட்டு ஆகாதே என்று துளசிராம் ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

கணக்கில் அரியர் வைத்தவர்களுக்கா ஊரில் பஞ்சம். முதல் வாரம் வாசல்வரை கூட்டம். இங்கிலீஷ் புரியவில்லை என்று பாதிப் பேரும், சர்டிபிகேட் கிடையாது என்று தெரிந்ததும் மீதிப் பேரும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆடி பிறந்தபோது தங்கப்பொண்ணு ஒருத்திதான் மிச்சம். அழகர்கோவில் பக்கம் கரும்பு வெட்டப் போகும் சங்கிலியின் மகள். பாலிடெக்னிக்கில் கணக்கு மட்டும் பாக்கி. ஐப்பசியில் வரும் பரீட்சை கடைசி வாய்ப்பு. தவறினால் டிப்ளமாவும் இல்லை, கப்பலூர் கம்பெனியில் சொல்லிவைத்த வேலையும் இல்லை.

பேராசிரியர் ஒவ்வொரு வரிக்கும் அப்படியே நின்றுவிடுவார். துளசிராம் மோடத்தைத் தட்டுவார். கதைக்கு உம் கொட்டியே வளர்ந்த தங்கப்பொண்ணு ஒருநாள் சும்மா "ம்" என்றாள். அவர் அடுத்த வரிக்குப் போனார். அதன்பிறகு மோடத்தை யாரும் தட்டவில்லை.

ஆனால் நம் ஊர் உம் பொல்லாதது. புரிந்தால் ஒன்று, புரியாவிட்டால் பெரிய மனிதர் மனம் நோகக் கூடாதென்று ஒன்று. தங்கப்பொண்ணு மரியாதையாகக் கொட்டித் தள்ளினாள். அவரும் அதை நம்பி வெகுதூரம் போய்விட்டார். புரட்டாசியில் பழைய வினாத்தாளைப் போட்டுப் பார்த்தாள். ஒரு கணக்குகூட வரவில்லை.

மறுநாள் பேராசிரியர் ஒரு வரி எழுதிவிட்டு நின்றார். அவள் வாயைத் திறக்கவில்லை.

"ம் சொல்லும்மா. எம்புட்டு நேரந்தான் நிப்பாரு?" என்றார் துளசிராம்.

"புரியலண்ணே. ஆடியில இருந்தே புரியல. இம்புட்டு தூரம் வந்துருக்காரேன்னுதான் ம் போட்டேன்." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"அத ஏன் எங்கிட்ட சொல்ற? அவருகிட்டச் சொல்லு."

தங்கப்பொண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்து, "ஐயா, புரியல" என்றாள். என்றைக்கோ பதிவு செய்த பாடம் அது. பேராசிரியர் திரும்பினார், தலையாட்டினார், கோட்டுக் கையால் சுவரைத் துடைத்தார். ஆடி மாதத்து வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார், மெதுவாக.

அவள் தேறினாள், தை பிறந்ததும் கப்பலூர் பஸ் ஏறினாள். பேராசிரியர் வந்த வழியே திரும்பிப் போனார். துளசிராம் அந்தச் சுவருக்கு மட்டும் வெள்ளையடிக்கவில்லை.

அந்தப் பாடம் இப்போதும் இணையத்தில் இருக்கிறது. தங்கப்பொண்ணு புரியல என்ற இடம் வந்ததும் பேராசிரியர் நின்று, யாரோ சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, பலகையைத் துடைத்து பழைய வரியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறார். எந்தெந்த ஊரிலோ இருந்து பார்ப்பவர்கள் யாரும் ஏனென்று கேட்பதில்லை. தங்களுக்காகத்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.