சூடு ஆறுவதற்குள்

அவருடைய சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. தின்னர்காரர் என்றால்தான் தெரியும். சக்கரத்துக்கும் இரும்பு கேட்டுக்கும் சைக்கிள் பிரேமுக்கும் பவுடர் கோட்டிங் போடுகிற பட்டறை அவருடையது. மாவுபோல் இருக்கிற நிறப்பொடியை மின்சாரத் துப்பாக்கியால் இரும்பின்மேல் தூவி, ஓவனுக்குள் தள்ளிச் சுட்டு எடுக்கிற வேலை. பொடி உருகிப் பரவி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். சரியாக வெந்ததா என்று பார்க்க மற்ற பட்டறைக்காரர்கள் மீட்டரைப் பார்ப்பார்கள், கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இவர் ஒரு வெள்ளைத் துணியில் பெயிண்டைக் கரைக்கிற தின்னரை ஊற்றி, வெளியே வந்த சாமானைச் சூட்டோடு சூடாக அழுத்தித் துடைப்பார். துணியில் நிறம் ஏறினால் வேகவில்லை, ஏறாவிட்டால் வெந்துவிட்டது. துணி பொய் சொல்லாது என்பார். அவர் கொடுத்த சாமானில் நிறம் உரிந்தது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. அதனால் அவரை மறுத்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

அவருடைய தங்கையின் கணவரும் அதே பட்டறையில்தான் வேலை பார்த்தார். வீட்டுக்கு வந்தால் "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை" என்று நாற்காலியைத் தூசி தட்டிப் போடுவார் தின்னர்காரர். பட்டறைக்குள் நுழைந்ததும் அதே மாப்பிள்ளையைச் சாமான்களுக்குக் கொக்கி மாட்ட ஏவுவார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, 'ங்க' போட்டுத்தான் ஏவுவார். தமக்குப் பிள்ளை இல்லாததால் பட்டறை ஒருநாள் மாப்பிள்ளைக்குத்தான் என்று மனதுக்குள் முடிவும் செய்து வைத்திருந்தார். அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே தெரியாதா என்ன என்று நினைத்துக்கொண்டார். மனதுக்குள் வைத்த சோறு யார் வயிற்றை நிரப்பும்?

பிளாஸ்டிக் யோசனை மாப்பிள்ளையுடையது. கார்களில் இப்போது பாதிக்குமேல் பிளாஸ்டிக்தான். பக்கக் கண்ணாடியின் மூடி, கதவுக் கைப்பிடி, முன்பக்கத்து வலை, எல்லாம். அதன்மேல் பவுடர் போடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயாது, தூவிய பொடி தரையில்தான் விழும். இரும்பைச் சுடுகிற சூட்டில் வைத்தால் சாமானே மெழுகுபோல் தொங்கிவிடும். மாப்பிள்ளை வேலை முடிந்த பிறகு தங்கித் தங்கி அதோடு மல்லுக்கட்டினார். மின்சாரம் பாய்கிற ஒரு ப்ரைமரை முதலில் பூசினார். குறைந்த சூட்டில் உருகுகிற பவுடரை எங்கெங்கோ விசாரித்து வரவழைத்தார். ஆரம்பத்தில் ஓவனுக்குள் போனது கண்ணாடி மூடியாகவும் வெளியே வந்தது செருப்பாகவும் இருந்தது. "காருக்குச் செருப்பு தைக்கிறீங்களா மாப்பிள்ளை?" என்று தின்னர்காரர் கேலி செய்வார். மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே அடுத்த செருப்பைத் தயார் செய்வார்.

ஒருநாள் மூடி மூடியாகவே வெளியே வந்தது, கருகரு என்று மினுங்கிக்கொண்டு. அன்று தின்னர்காரருக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் போவோர் வருவோரிடமெல்லாம் எங்க மாப்பிள்ளை, எங்க மாப்பிள்ளை என்று அளந்தார். மாப்பிள்ளையிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் ஆள் கெட்டுவிடுவான் என்று எந்த மடையன் சொன்னானோ, அதை வேதமாக எடுத்துக்கொண்டவர் அவர். கார் கம்பெனிக்கு உதிரிபாகம் வாங்கித் தருகிற அதிகாரியைத் தேடிப்போய் அழைத்து வந்ததும் அவர்தான். ஆக, அவர் கெடுக்க நினைத்துக் கெடுத்தார் என்று யாரும் சொல்ல முடியாது.

அதிகாரி வந்த அன்று பட்டறையைக் கழுவி விட்டிருந்தார்கள். ஓவன் கதவு திறந்தது. வரிசையாகத் தொங்கிய மூடிகளில் ஒன்றை மாப்பிள்ளை கையுறையோடு எடுத்துக் கொடுத்தார். அதிகாரி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நல்லா இருக்கே என்று வாய்விட்டே சொன்னார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பழக்கம் கொடிது, பாறையிலும் கோழி சீய்க்கும். தின்னர்காரரின் கை தானாகப் பாட்டிலுக்குப் போனது. துணியை நனைத்தார், சூடு ஆறாத மூடியை வாங்கி அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தார்.

துணி கறுப்பானது. துடைத்த இடம் சுருங்கிப் பிசுபிசுத்தது.

"வேகல சார். எங்க சாமானா இருந்தாலும் வேகலன்னா வேகலன்னுதான் சொல்லுவேன். பிளாஸ்டிக்குக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது."

அதிகாரி அவருடைய நேர்மையை மெச்சிக் கைகுலுக்கிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். மாப்பிள்ளை தொங்கிய மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டியில் போட்டார். தின்னர்காரருக்கு அன்று நிம்மதியான தூக்கம். பொய் சொல்லி வியாபாரம் பிடிக்கவில்லை என்று ஒரு பெருமை வேறு.

அடுத்த மாதமே மாப்பிள்ளை நின்றுவிட்டார். ஊரின் மறுகோடியில் ஒரு பெரிய பட்டறையில் சேர்ந்துவிட்டதாகத் தங்கைதான் வந்து சொன்னாள். தின்னர்காரர் கொதித்துப்போனார். சோறு போட்ட கையைத் தட்டிவிட்டுப் போகிறவனைப் பற்றி நமக்கு என்ன பேச்சு என்றார். பிளாஸ்டிக்குக்குப் பவுடர் போடுவது நீர்மேல் எழுத்து என்று தொழில் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். தங்கை வருவதைக் குறைத்தாள். போன் செய்தால் உடம்பு எப்படி இருக்கு, அண்ணி எப்படி இருக்காங்க என்பதோடு முடித்துக்கொள்வாள்.

பட்டறை பெருக்குகிற அம்மாள் சிந்திய பவுடரை அள்ள ஒரு கறுப்பு மூடியை வைத்திருந்தாள். மாப்பிள்ளை பெட்டியில் போட்டுவிட்டுப் போனதில் ஒன்று. முறம்போல் வாகாக இருந்ததால் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் அதைச் சிமெண்ட் தரையில் கரகரவென்று இழுப்பதைத் தின்னர்காரர் தினமும் பார்த்தவர்தான். ஒருநாள் காலை வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் அது புத்தியில் உறைத்தது. இத்தனை மாதம் தரையில் தேய்ந்தும் அதன் நிறம் போகவில்லை. வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தார், சாவியால் கீறிப் பார்த்தார். துளி உரியவில்லை.

மூலையில் கிடந்த வேறொரு மூடியை எடுத்தார். அது ப்ரைமர்கூடப் பூசாத வெறும் பிளாஸ்டிக். தின்னர் துணியால் அழுத்தித் துடைத்தார். பிளாஸ்டிக்கே இளகிப் பசையாகித் துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அன்று பொடி நன்றாகத்தான் வெந்திருந்தது. சூட்டில் இருந்த பிளாஸ்டிக்கைத் தின்னர் கரைத்ததில் மேலிருந்த நிறமும் சேர்ந்து வந்திருக்கிறது. இரும்புக்குச் செய்கிற சோதனையைப் பிளாஸ்டிக்குக்குச் செய்து, வெந்ததை வேகாதது என்று ஊரறியச் சொல்லி, வீட்டு மாப்பிள்ளையின் உழைப்பில் மண்ணள்ளிப் போட்டிருக்கிறார்.

முதலில் தங்கைக்குப் போன் செய்தார். தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னார்.

"வீட்டுக்கு வாங்கண்ணா, சாப்பாடு போடறேன். அதைப் பத்தி மட்டும் எங்கிட்ட பேசாதீங்க. பேச வேண்டியவர்கிட்ட போய்ப் பேசுங்க," என்றாள்.

மறுநாள் பகல் இடைவேளை நேரத்துக்கு அந்தப் பெரிய பட்டறைக்குப் போய் வாசலில் நின்றார். உள்ளே கார் மூடிகளும் கைப்பிடிகளும் நிறம் நிறமாகத் தொங்கி நகர்ந்தன. எல்லாம் பிளாஸ்டிக். பார்க்க வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். வாங்க மச்சான் என்று பழைய முகத்தோடுதான் கூப்பிட்டார். எதிர்க் கடையில் டீ சொன்னார். தின்னர்காரர் முறத்தில் தொடங்கி வெறும் பிளாஸ்டிக் வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லி, தப்பு தம்முடையதுதான் என்றார். அதைச் சொல்வதற்குள் அவருடைய டீ ஆடை கட்டிவிட்டது.

"திரும்பி வந்துடுங்க மாப்பிள்ளை. போர்டுல உங்க பேரையும் போட்டுடலாம். பட்டறை எப்பவும் உங்களுக்குத்தான்னு நெனச்சிருந்தேன். சொன்னதில்ல, அவ்வளவுதான்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தேவலை, கெஞ்சியாவது தணித்திருக்கலாம்.

"தின்னர் போட்டதுல எனக்கு ஒண்ணும் இல்ல மச்சான். நானே மொதல்ல அதைப் போட்டு ரெண்டு மூணு மூடியைக் கெடுத்திருக்கேன். அதைச் சொல்லத்தான் அன்னிக்கு வாயைத் தொறந்தேன். நீங்க எம்பக்கம் திரும்பாமலே கையைக் காட்டினீங்க, சும்மா இருங்கன்னு."

தின்னர்காரர் யோசித்துப் பார்த்தார். பாட்டில் ஞாபகம் இருந்தது, துணி ஞாபகம் இருந்தது, அதிகாரியின் சட்டை நிறம்கூட ஞாபகம் இருந்தது. கையைக் காட்டியது மட்டும் துளியும் ஞாபகம் இல்லை. என்றோ ஒருநாள் செய்கிற காரியமாக இருந்தால் ஞாபகம் இருந்திருக்கும்.

"நான் அப்படியா செஞ்சேன்?"

"அன்னிக்கு மட்டுமா மச்சான்?" என்றார் மாப்பிள்ளை. குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. "இங்க ஒரு சாமான் கெட்டுப்போனா எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க. தெரியாததுக்கும் என்னைத்தான் கேக்கறாங்க. அது பழகிப்போச்சு. நான் வரல, தப்பா நெனச்சுக்காதீங்க."

உள்ளே மணி அடித்தது. மாப்பிள்ளை எழுந்தார். உங்க தங்கச்சி வீட்லதான் இருக்கா, சாப்பிட்டுட்டுப் போங்க என்றார். இரண்டடி வைப்பதற்குள் தின்னர்காரர் அவரை நிறுத்தினார்.

"அன்னிக்கு என்ன சொல்ல வந்தீங்க மாப்பிள்ளை?"

"ஆறட்டும் மச்சான், தண்ணித் துணியால தொடைச்சுக் காட்டலாம்னு. வேற ஒண்ணுமில்ல."

மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டார். தின்னர்காரர் அந்த ஒரு வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். சொல்லி முடிக்க ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை. இத்தனை வருஷத்தில் வேலையைப் பற்றி மாப்பிள்ளையிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது. அதைக் கேட்க அவர் அடுத்தவர் பட்டறை வாசலுக்கு வர வேண்டியிருந்தது.