மூன்று நிறத்து மா

இராசாத்தியின் பைக்குள்ளிருந்து எடுத்த மூன்று உருண்டைகளையும் ஆமிக்காரன் மேசையில் வைத்துவிட்டுச் சட்டென்று பின்வாங்கினான். மஞ்சள், சிவப்பு, வெள்ளை. பொலித்தீனுக்குள் வியர்த்துக் கிடந்தன. அவன் சிங்களத்தில் கத்தியதில் அவளுக்குப் புரிந்தது ‘பொம்ப’ என்ற ஒரு சொல்தான்: குண்டு. ஆமி முகாமடித் தோணித்துறையில் அவளுக்குப் பின்னால் நின்ற வரிசை கலைந்து விலகியது.

வாவிக்கு அந்தப் பக்கம், மண்டூருக்கு உள்ளே ஒரு கொட்டிலில், சின்னப் பிள்ளைகளுக்கு அவள் டீச்சர். மாசியில் ஷெல் விழுந்ததிலிருந்து அவர்களில் மூன்று பேர் வாய் திறப்பதில்லை. எதையாவது பிசைந்து உருட்டக் கொடுத்தால் விரல் அசையும், பிறகு பேச்சும் வரலாம் என்று நினைத்தாள். போராளிகளின் கையிலிருந்த அந்தக் கரைக்கு ஆமிக்காரர் மாவு கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் களுவாஞ்சிகுடியில் அக்காவின் வீட்டிலேயே கோதுமை மாவில் உப்பை அள்ளிப்போட்டு, தேங்காயெண்ணெய் விட்டு, மஞ்சளும் பீற்றூட் சாறும் சேர்த்துப் பிசைந்து எடுத்துவந்தாள். பிசைந்துவிட்டால் அது மாவில்லையே என்று அக்காவிடம் சிரித்திருந்தாள்.

“மா... புள்ளயளுக்கு...” என்று கைகளால் உருட்டிக் காட்டினாள். துப்பாக்கி நிமிர்ந்தது. கைகளை மேலே தூக்கினாள். போன மாதம் இதே இடத்தில் ஜீப்பில் ஏற்றப்பட்ட ஒரு பெட்டை இன்னும் வீடு திரும்பவில்லை. அந்தப் பெட்டையின் பெயரை நினைக்கப் பார்த்தாள். வரவில்லை.

அப்போதுதான் மருதமுனை மீன் வியாபாரி முகைதீன்பாவா சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு, இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு வந்தார். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தயங்கிய காலம் அது. அவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பிறகு அவளிடம் திரும்பினார்.

“தின்னச் சொல்றான், டீச்சர். மூணுலயும்.”

ஆமிக்காரன் கத்தியால் வெட்டிப்போட்டான். அவள் விழுங்கினாள். உப்பு தொண்டையை அரித்தது, கண் நிறைந்தது. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு ஒரு துண்டை முகைதீன்பாவாவின் பக்கம் தள்ளினான். அவரும் மறுபேச்சில்லாமல் வாயில் போட்டார்.

“உப்பு கூடிப்போச்சு, புள்ள” என்றார் மெதுவாக. அவருடைய தாடி நடுங்கிக்கொண்டிருந்தது.

கால் மணி நேரம் இருவரும் வெயிலில் நின்றார்கள். ஒன்றும் வெடிக்கவில்லை. ஆமிக்காரன் மிச்ச உருண்டைகளைப் பையில் போட்டு, போ என்று அவளுக்குக் கை காட்டினான். அவள் ஓடிப்போய்த் தோணியில் ஏறினாள். நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை.

நடு வாவியில்தான் திரும்பிப் பார்த்தாள். முகைதீன்பாவா இன்னும் அந்த மேசையடியிலேயே நின்றார். அவருடைய அடையாள அட்டை ஆமிக்காரனின் கையில் இருந்தது. இன்னும் இரண்டு பேர் முகாமிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

“தோணியத் திருப்புங்க அண்ணன்!”

“திருப்பினா சுடுவானுகள், தங்கச்சி” என்றார் தோணிக்காரர், வலிப்பதை நிறுத்தாமல்.

கரை சிறுத்துக்கொண்டே போனது. மரத்தடியில் சைக்கிள் மட்டும் தெரிந்தது. மீன் பெட்டியின் மேல் ஒரு காகம் இறங்கியது, பிறகு இன்னொன்று. விரட்ட யாரும் வரவில்லை.