குறிப்பு எண் ஏழு: டப்பா

1

இந்தக் கதை ஒரு துண்டுப் பிரசுரமாகப் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிற்பாடு யாரும் என்னை ஏமாற்றுக்காரி என்று சொல்லக் கூடாது. (சொல்வீர்கள். அது வேறு விஷயம்.)

நான் ஹயாம். அம்மானில், ஜபல் ஹுஸைன் பக்கம், பல்லுக்குக் கம்பி போட்டு நேராக்குகிற டாக்டர் நுஹாவின் கிளினிக்கில் பதினோரு வருஷமாக உதவியாளர். போன் எடுப்பது, நேரம் குறிப்பது, அலமாரியில் சாமான் தீர்ந்தால் வரவழைப்பது, உள்ளே போய் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது எல்லாம் நான்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகையில் என் கதை ஒன்று வந்தது. அன்றிலிருந்து டாக்டர், நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிற எல்லோரிடமும் "இவ எழுத்தாளர், தெரியுமா?" என்று என்னை அறிமுகம் செய்வார். பாவம், அவர்களால் ஒன்றும் சொல்ல முடியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"ஹயாம், கம்பி போடுறவங்க தெரிஞ்சுக்க வேண்டியதைப் பன்னிரண்டு குறிப்பா எழுதிடு. ஒரே பக்கம். 'எனக்குத் தெரியாது, நீங்க சொல்லல'ன்னு இனிமே ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது."

"வாயைத் திறக்கத்தானே டாக்டர் இங்க வர்றாங்க?"

"எழுதும்மா, போ."

எழுதினேன். ஒன்று: முதல் வாரம் வலிக்கும், எல்லோருக்கும் வலிக்கும், உங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நான்கு: கம்பி இருக்கும்வரை வறுத்த விதை கொறிக்கக் கூடாது. (எங்கள் ஊரில் இதைச் சொல்வதும் மூச்சு விடாதே என்று சொல்வதும் ஒன்றுதான். தலையாட்டிவிட்டுப் போய், அடுத்த மாதம் உடைந்த கம்பியோடு வந்து "ஆப்பிள் கடிச்சேன்" என்பார்கள்.) ஆறு: கம்பியைக் கழற்றும் நாள் சிகிச்சை முடியும் நாள் அல்ல. பல் தன் பழைய இடத்தை மறக்காது. அதை ஓடவிடாமல் பிடித்துவைக்க ரீடெய்னர் தருவோம். பல்லின் மேல் கச்சிதமாக மாட்டுகிற, போட்டால் வெளியே தெரியாத பிளாஸ்டிக் உறை. முதல் ஆறு மாதம் சாப்பாட்டு நேரம் தவிர நாள் முழுக்க, அப்புறம் தூங்கும்போது. எத்தனை காலம் என்று கேட்பீர்கள். பல் இருக்கிற காலம் வரைக்கும்.

ஏழு: கழற்றினால் டப்பாவில் வைக்கவும்.

ஏழாவதில் பேனா நின்றுவிட்டது. துண்டுப் பிரசுரத்தை யார் படிக்கிறார்கள், கதையாகச் சொன்னால் மனசில் நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நேரம் குறிக்கிற தாள்களைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் கதை எழுத ஆரம்பித்தேன்.

2

தொடக்கம் ஒன்று: "லமீஸின் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்து வழியாகப் பார்த்தால்" — வேண்டாம். உவமை தேடிக் கிளம்பிவிட்டேன் என்றால் நான் வீடு திரும்ப மாட்டேன்.

தொடக்கம் இரண்டு: "பொய் சொல்கிற பெண்களைக் கண்டாலே எனக்கு" — இதையும் நிறுத்திவிட்டேன். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள்.

தொடக்கம் மூன்று. சரி, இது போகட்டும்:

லமீஸுக்கு இருபத்தொன்பது வயது. மருந்துக் கடையில் வேலை. பதினைந்து வயதில் ஒரு தடவை கம்பி போட்டாள், கழற்றினாள், ரீடெய்னரை மேஜை இழுப்பறைக்குள் போட்டு மறந்தாள்; ஒரே வருஷத்தில் சந்து பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. இருபத்தேழு வயதில் மறுபடி போட்டாள். இருபத்தாறு மாதம். அந்த இருபத்தாறு மாதத்தில் எடுத்த ஒரு படத்தில்கூட அவள் உதடு பிரியவில்லை. போன மார்ச்சில் கம்பி கழற்றிய அன்றைக்குக் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். முதலில் சத்தமில்லாமல் சிரித்தாள், அப்புறம் அடுத்த அறைக்குக் கேட்கிற மாதிரி சிரித்தாள், அப்புறம் அழுதாள்.

(லமீஸ் என்பது அவள் பெயரில்லை. மற்றதெல்லாம் அவளுடையதுதான்.)

இரண்டு வாரம் கழித்துப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை குதைபா, வந்தது அவன் அம்மா உம் குதைபாவும் (எங்கள் ஊரில் 'குதைபாவின் அம்மா' என்று அர்த்தம்) அவளுடைய இரண்டு பெண்களும். உம் குதைபா நாலு வீட்டுக்குக் கேட்கிற குரல் உள்ளவள்.

"மாஷா அல்லா! பல்லைப் பாருங்கடி, முத்து மாதிரி! இந்தக் காலத்துல எல்லாம் கடையில வாங்கின பல்லு. இது அசலு!"

லமீஸ் வாயைத் திறந்தாள். காபித் தட்டோடு வந்த அவள் அம்மா முந்திக்கொண்டாள்.

"எல்லாம் ஆண்டவன் குடுத்தது. எங்க பரம்பரைக்கே அப்படித்தான்."

[பரம்பரையாம்! அந்த அம்மாவின் கீழ்வரிசையில் நாலு பல் ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். நான் பார்த்திருக்கிறேன்.]

அன்றைக்கு வாயை மூடிக்கொண்டதுதான் லமீஸின் தப்பு. உம் குதைபா சொந்தபந்தம் முழுக்க அசல் பல்லைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டாள். அதற்குமேல் "இல்லை அத்தை, கம்பி போட்டது" என்று எப்படிச் சொல்வது? நாள் குறித்தாகிவிட்டது.

3

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை வீட்டில் மன்ஸஃப் விருந்து. தரையில் நைலான் விரிப்பு. நடுவில் பெரிய தாம்பாளத்தில் தயிரில் வெந்த ஆட்டுக்கறியும் சோறும். ஆளுக்கு முன்னால் மெல்லிசு ஷ்ராக் ரொட்டி. கை கழுவப் போகிற சாக்கில் ரீடெய்னரைக் கழற்றிவிடலாம் என்று லமீஸ் கணக்குப் போட்டிருந்தாள். உட்கார்ந்த மறுநிமிஷமே உம் குதைபா நல்ல கறித்துண்டாகப் பிய்த்து அவள் வாய்க்கு நேரே நீட்டிவிட்டாள்.

"ஆ காட்டும்மா."

"அத்தை, நானே சாப்பிட்டுக்கறேன்..."

"என் கையால வாங்க மாட்டியா? ஆ!"

லமீஸ் தலையைத் திருப்பி இரண்டு தடவை இருமினாள். இருமலுக்குள்ளே ரீடெய்னர் கைக்கு வந்தது. கையிலிருந்து, முன்னால் கிடந்த ரொட்டியின் மடிப்புக்குள் போனது. வாயில் கறி போனது. கூட்டமே கைகொட்டியது.

சாப்பிட்டு எழுந்ததும் எல்லோரும் சேர்ந்து அவளைக் கை கழுவ இழுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தால் தரை துடைத்த தரையாக இருந்தது. எலும்பும் சோறும் விரிப்போடு சுருட்டிக் குப்பைக்குப் போய்விட்டன. ரொட்டி போகவில்லை. ரொட்டியை எங்களில் யார் குப்பையில் போடுவார்கள்? உம் குதைபா ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி, கீழே விழுந்திருந்ததை முத்தமிட்டு நெற்றியில் வைத்து, எல்லாவற்றையும் பையில் கட்டி, தெருமுனைக் குப்பைத்தொட்டியின் கொக்கியில் மரியாதையாக மாட்டச் சொல்லிவிட்டாள். தேநீர் வருவதற்குள், ஆடு வளர்க்கிற அபூ ஃபாலிஹின் வண்டி அந்தப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

* ஆட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது. போனது மேல்வரிசை ரீடெய்னர். இதை நான் கற்பனை செய்யவில்லை, ஆட்டின் வாயைத் திறந்து பாருங்கள்.

லமீஸ் சர்க்கரை போதவில்லை என்றுகூடச் சொல்லாமல் அந்தத் தேநீரைக் குடித்தாள். கல்யாணத்துக்குச் சரியாகப் பதினான்கு நாள். ஒருமுறை திரும்பி வந்த சந்து மறுபடி வர எத்தனை நாள் ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

4

இந்த இடம்வரை எழுதி வைத்திருந்ததை நேற்று டாக்டர் எடுத்துப் படித்துவிட்டார். குறிப்புகள் என்று நினைத்துத்தான் எடுத்திருக்கிறார். (லமீஸின் பெயரைப் பற்றிய அடைப்புக்குறியை அதற்குப் பிற்பாடுதான் சேர்த்தேன்.) நின்றுகொண்டே சிரித்தார், ஆட்டிடம் வந்தபோது மேஜையைத் தட்டினார், அப்புறம் நெற்றியைச் சுருக்கினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு இடிக்குது."

"என்ன டாக்டர்?"

"இந்தப் பொண்ணு மருந்துக் கடையில வேலை பாக்குறவ. ஒருதடவை போடாம விட்டு அடிபட்டவ. இவ எதுக்கு அதை ரொட்டிக்குள்ள வைக்கிறா? டப்பா எங்க போச்சு? நாமதான் எல்லாருக்கும் டப்பா குடுக்கிறோமே?"

"கைப்பை வேற அறையில இருந்துதுன்னு வெச்சுக்கலாம்."

"பொண்ணுங்க புது வீட்டுக்குப் போனா கைப்பையை மடியிலேயேதானே வெச்சிருப்பாங்க?"

"வீட்டுல மறந்துட்டான்னு..."

"இவளா? மறக்கிறவளா இவ? நம்ப மாட்டாங்க ஹயாம். ஆமா, யாரு இது, நம்ம பேஷண்டா?"

"கற்பனை டாக்டர்."

"அப்ப அந்த டப்பாவையும் கொஞ்சம் கற்பனை பண்ணிடு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என் காது இரண்டும் நெருப்பாகக் கொதித்தன.

5

முடிவுகள். மூன்று இருக்கின்றன.

முதல் முடிவு: லமீஸ் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணப் படத்தில் மறுபடி உதட்டை மூடிக்கொண்டு நிற்கிறாள். (துண்டுப் பிரசுரத்துக்கு ஏற்ற முடிவு. அலட்சியமாக இருந்தால் இப்படித்தான். ஆனால் அவள் அலட்சியமாக இருக்கவில்லையே.)

இரண்டாம் முடிவு: உம் குதைபா ரகசியமாகத் தன் பல்செட்டைக் கழற்றிக் காட்டுகிறாள், இருவரும் கட்டிக்கொண்டு — போதும். இப்படிக்கூட எழுத வருகிறது எனக்கு, வெட்கக்கேடு.

மூன்றாம் முடிவு, நிஜமாக நடந்தது. இத்தனை பக்கமாக உங்களிடமிருந்து ஒளித்து வைத்திருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை தேநீர் கோப்பையைக் கீழே வைத்ததும் லமீஸ் சொல்லிவிட்டாள். எல்லோர் முன்னாலும்.

"அத்தை, என் பல்லு அசல் இல்ல. இருபத்தாறு மாசம் கம்பி போட்டு நேராக்கினது. அதைப் பிடிச்சு வைக்கிற உறையை உங்க ரொட்டிக்குள்ள வெச்சுட்டேன். இப்போ அது ஆட்டுக்குப் போயிடுச்சு."

உம் குதைபா அவளை மேலும் கீழும் பார்த்தாளாம்.

"இருபத்தாறு மாசமா? வாயில இரும்போட?"

"ஆமா அத்தை."

"அப்ப என் பையனையும் நீ பொறுத்துக்குவே. எழுந்திரு."

கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு மாமியார் முன்னே, மருமகள் பின்னே, மார்கா தாண்டி அபூ ஃபாலிஹின் பட்டிவரைக்கும் போயிருக்கிறார்கள். தொட்டியில் ரொட்டித் துணுக்குகூட மிச்சமில்லை. திரும்பும்போது உம் குதைபா சொன்னாளாம்: "கவலைப்படாதே. காலையில முதல் வேலையா டாக்டருக்குப் போன் பண்ணு. அவங்க பாத்துக்குவாங்க."

6

போன் செய்தாள். சனிக்கிழமை காலை, கிளினிக் கதவைத் திறந்து நான் விளக்கைக்கூடப் போடவில்லை.

"ஹயாம் அக்கா, ரீடெய்னர் போச்சு. இன்னைக்கே வந்து அளவு குடுத்துடவா?"

டாக்டருக்கு அன்றைக்கு மத்தியானம்வரை இரண்டே பேர்தான். நான் சொன்னது இது:

"ஐயோ, டாக்டருக்கு மூச்சு விட நேரமில்லம்மா. அடுத்த வாரம் புதன்கிழமைதான் இடம் இருக்கு."

அடுத்த வாரப் புதன் என்றால் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால். அளவெடுத்த பிறகு புதுசு வர மூன்று நாள் ஆகும். இன்னொன்றும் எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் தெரியும். ரீடெய்னர் அளவெடுத்த நாளில் பல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் பிடித்துவைக்கும். சந்து விழுந்த பிறகு அளவெடுத்தால் சந்தையும் சேர்த்துப் பிடித்துவைக்கும்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவள் வந்தால் டாக்டர் முதல் கேள்வியாக "டப்பா எங்கே?" என்று கேட்பார்.

டப்பா இல்லை. மார்ச்சில் டப்பா தீர்ந்துபோயிருந்தது. வரவழைக்க வேண்டியது நான், மறந்துவிட்டேன். டாக்டர் கேட்டதற்கு "இருக்கு" என்றேன். லமீஸின் ரீடெய்னரை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, "டப்பா வந்ததும் கூப்பிடுறேன்" என்று கொடுத்தனுப்பினேன். அவள் இரண்டு தடவை கேட்டாள். ஏப்ரலில் நாற்பது டப்பா வந்தன, நீலமும் ரோஜா நிறமுமாக. இதோ, என் முழங்காலுக்குப் பக்கத்து அலமாரியில்தான் இருக்கின்றன. நான் கூப்பிடவில்லை. அந்தக் கவரும் கிழிந்துபோனதால்தான் அவள் அதை எப்போதும் வாயிலேயே வைத்திருந்தாள். ரொட்டி மடிப்பைத் தவிர அவளுக்கு வேறு இடம் இல்லை.

பொய் சொல்கிற பெண்களைக் கண்டாலே எனக்கு என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தேனே, அதை நான் எப்படி முடிப்பேன்?

செவ்வாய்க்கிழமை மறுபடி போன் வந்தது. "அக்கா, நாக்கு நுனி போய் அங்கேயே நிக்குது. சந்துல காகிதம் நுழையுது." வேறு யாராவது வரவில்லை என்று சொன்னால் கூப்பிடுவதாகச் சொன்னேன். இரண்டு பேர் வரவில்லை. நான் கூப்பிடவில்லை. இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்தேன்.

7

இது ஏழு. இங்கேயே நிறுத்துகிறேன்.

இன்று வியாழன். எழுதுகிற தாளைத் திருப்பினால் நாளை மறுநாள் சனிக்கிழமையின் நேரங்கள்: ஒன்பதரைக்கு ஒருவர், பதினொன்றுக்கு ஒருவர், பத்து மணி காலி. டாக்டர் உள்ளே ஆளில்லாமல் உட்கார்ந்து காபி குடிக்கிறார்; இப்போதே வரச் சொன்னாலும் அளவெடுக்கலாம். கதவு பாதி திறந்திருக்கிறது. நான் போனில் சொல்வது அவருக்குக் கேட்கும்.

போன் அடிக்கிறது. அவள் எண்தான். பின்னாலே உம் குதைபாவும் இருப்பாள்.

கதாசிரியை என்ற முறையில் இந்த முடிவை உங்களிடம் விட்டுவிடலாம் என்று முதலிலிருந்தே நினைத்திருந்தேன். இந்த மாதிரிக் கதைகளில் அப்படித்தான் செய்வார்கள், பார்க்கவும் நன்றாக இருக்கும். இப்போது யோசித்தால் உங்களுக்கு இதில் என்ன சம்பந்தம்? நீங்கள் டப்பா தர மறந்தீர்களா? ஆனாலும் கொஞ்சம் பக்கத்தில் இருங்கள். நாலாவது மணி. ஐந்தாவது.

"ஹலோ, டாக்டர் நுஹா கிளினிக். ஆமா லமீஸ், நான்தான். இல்ல, நீ பேசாதே, முதல்ல நான் சொல்லிடறேன். அந்த டப்பா ஏப்ரல்லயே வந்துடுச்சு, நான்தான்