சீட்டை இறக்கியது யார்?

தையற்காரிக்கும் அவள் அண்ணிக்கும் சேர்த்து வீட்டில் ஒரே சைக்கிள். காலையில் அண்ணி அதில் நூலக வேலைக்குப் போய்வருவாள். மதியம் தையற்காரி எடுத்துக்கொண்டு தையல் கடைக்குப் போவாள். அண்ணி நெட்டை. இவள் தலை அவள் காதைத்தான் எட்டும். அதனால் அண்ணி சீட்டை ஏற்றுவதும் இவள் இறக்குவதுமாக ஒரு மாதம் ஓடியது. அப்படியும் சுகமில்லை. அண்ணிக்கு இடுப்பு வலி, இவளுக்கு முழங்கால் வலி.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வழியெல்லாம் வாய்ச்சண்டை போட்டபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனார்கள்.

"இது எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துவராது. யாராவது ஒருத்தருக்கு அளவா வச்சுக் குடுங்க," என்றாள் தையற்காரி.

கடைக்காரம்மா இருவரையும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்தாள். தொடைகளுக்கு நடுவே ஒரு தடிப் புத்தகத்தைச் செருகி, மேலே இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். புத்தகத்தின் மேல்விளிம்பு நின்ற உயரத்தில் ஆளுக்கொரு கோடு கிழித்தாள்.

இரண்டு கோடும் ஒரே உயரம்.

தையற்காரி நம்பவில்லை. பையிலிருந்த தன் டேப்பை எடுத்து இரண்டு தடவை அளந்தாள். நூலிழை வித்தியாசம் இல்லை.

"அப்ப அண்ணியோட உயரமெல்லாம் எங்கே போச்சு?"

"இடுப்புக்கு மேல இருக்கும்மா. உங்களுக்குக் கால் நீளம், அவங்களுக்கு உடம்பு நீளம்."

"ஊருக்கே அளவெடுக்கிறே, இது தெரியலையா உனக்கு?" என்றாள் அண்ணி.

"நீங்கதான் எல்லாத்தையும் ரெடிமேடா வாங்குறீங்களே."

அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையற்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு டயர் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

கடைக்காரம்மா இருவரும் வைத்த உயரங்களுக்கு நடுவில், பெடலில் குதிகால் வைத்தால் கால் நீண்டு நிற்கும்படி சீட்டை முடுக்கினாள். அண்ணியின் முதுகுக்காக ஹேண்டில்பாரை இரண்டு விரற்கடை தூக்கினாள். "தெருக்கோடி வரைக்கும் ஓட்டிப் பாருங்க."

தையற்காரி முந்திக்கொண்டாள். தெருக்கோடியில் இருந்த மேட்டில் அவள் என்றைக்கும் இறங்கித்தான் தள்ளுவாள். இன்று முழங்கால் முனகவே இல்லை. மேலே போய்த் திரும்பியிருக்க வேண்டியவள், திரும்பவில்லை. அந்தப் பக்கச் சரிவில் வண்டியை விட்டாள். காற்று வாய்க்குள் புகுந்தது. எதிரே வந்த பால்காரர் ஒதுங்கி நின்று, தனியாகச் சிரித்துக்கொண்டு போகிறவளை ஏற இறங்கப் பார்த்தார்.

அரைமணி கழித்து வந்தவளை அண்ணி மறித்தாள். "எங்கே போனே?"

"தெரியல அண்ணி. வண்டி போச்சு, நானும் கூடப் போனேன்."

அண்ணி கைப்பையை இவள் கையில் திணித்தாள், ஏறி மிதித்தாள். அவள் மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்த பிறகும் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.